யாருடைய கரைக்கு யாருடைய மணல்?



கொழும்பு வாழ் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தின் படியை மிதியாத குடும்பம் அரிது. அத்திருத்தலத்தின் தோற்றம் பற்றி வழிவழியாகச் சொல்லப்படுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்கள் மறைந்து திரிந்த காலம் அது. அந்தோனியோ என்ற குருவானவர் வணிகர் வேடத்தில் வந்து முகத்துவாரத்து மீனவரிடம் அடைக்கலம் கேட்கிறார். அம்மக்கள் பதிலுக்குக் கேட்டது பொன்னுமன்று, நோய் நீக்கமுமன்று. கடல் தங்கள் கிராமத்தை அரித்துத் தின்கிறது, அதை நிறுத்தித் தாரும் என்றுதான் கேட்டார்கள். அவர் கரையில் சிலுவையை நாட்டி மன்றாடினார் என்றும், மூன்றாம் நாள் கடல் பின்வாங்கி மணல் திட்டொன்று வெளிப்பட்டது என்றும் மரபு கூறுகிறது.

வரலாற்றாசிரியர் இதனை எப்படி நிறுத்தாலும் நிறுக்கட்டும். எங்கள் கரையோரத்துப் பழங்குடிகளின் முதல் மன்றாட்டே கடலரிப்பைப் பற்றியது என்பதை நாம் மறக்கலாகாது. இன்னுமொன்று: அந்த வரலாற்றில் ஊரைக் காத்தது மதில் அன்று, மணல். அம்மணல் வேறொரு ஊரிலிருந்து பறிக்கப்பட்டதுமன்று.

இன்று நாம் கரையைக் காக்கும் விதம் அப்படிப்பட்டதா? இதைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கடற்கரை என்பது நிலைத்து நிற்கும் நிலம் அன்று, நடந்துகொண்டே இருக்கும் மணல். எமது மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் மணலைப் பெரும்பாலும் வடக்கு நோக்கித் தள்ளிச் செல்கின்றன. களனி கங்கையும் தன் பங்கிற்கு மலைநாட்டு மணலைச் சுமந்துவந்து முகத்துவாரத்தில் கடலில் சேர்க்கிறது. ஹெந்தளை, உஸ்வெட்டகெய்யாவ, பமுனுகம என நீர்கொழும்பு வரையுள்ள மீனவக் கிராமங்களின் கரைகள் இந்த மணலில்தான் பிழைக்கின்றன. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புக்கு அடிக்கல் நாட்டினார். துறைமுகம் நாட்டுக்குச் சோறு போட்டது, அதை மறுப்பாரில்லை. ஆனால் கடலுக்குள் நீண்ட ஒவ்வொரு கல்லணையும் வடக்கே போகும் மணலை வழிமறிக்கிறது. பொறியியலாளர் எவரைக் கேட்டாலும் சொல்வார்: அணையின் ஒரு பக்கம் கரை வளரும், மறுபக்கம் கரை தேயும். என் வீட்டின் முன் நான் போடும் கல், அடுத்த வீட்டுக்காரனின் முற்றத்தைக் கடலுக்குக் கொடுக்கிறது.

வெள்ளவத்தையில் வாழும் வாசகர்களுக்கு இது தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். சற்று எண்ணிப் பாருங்கள். எங்களுக்கும் கடலுக்கும் இடையே புகையிரதப் பாதை ஓடுகிறது. அதன் ஓரத்தில் கருங்கற்கள் குவிக்கப்பட்டிருப்பது எங்களுக்காக அன்று, தண்டவாளத்துக்காக. எனினும் அதன் நிழலில் நாமும் பாதுகாப்பாய் இருக்கிறோம். தண்டவாளம் ஓரிடத்தில் சரிந்தால் நாடே அறியும். வடக்கே ஒரு மீனவனின் குடிசை சரிந்தால் கிராம சேவகரின் பதிவேட்டில் ஒரு வரி.

அது மட்டுமோ? கடந்த பல ஆண்டுகளில் எங்கள் ஒழுங்கைகளில் எழுந்த தொடர்மாடிகள் எத்தனை! கொழும்பின் சுவர்களுக்குள் இருக்கும் மணலில் பெரும்பங்கு களனி கங்கையிலிருந்தும் மா ஓயாவிலிருந்தும் அள்ளப்பட்டதே. ஆற்றில் அள்ளிய மணல் கடலுக்குப் போய்ச் சேராது. போய்ச் சேராத மணலுக்குப் பதிலாகக் கடல் கரையையே எடுத்துக்கொள்ளும். வீடு கட்டுவது பாவமென்று நான் சொல்லவில்லை. எங்கள் வரவேற்பறைச் சுவரில் யாரோ ஒருவருடைய கடற்கரையின் ஒரு பங்கு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

துறைமுக நகருக்காக 269 ஹெக்டேயர் நிலம் கடலிலிருந்து உண்டாக்கப்பட்டது. அதற்கு மணல் நீர்கொழும்புக்கு அப்பாலுள்ள கடலடியிலிருந்து எடுக்கப்பட்டபோது, 2016 இல் மீனவரும் அவர்களுடன் குருக்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆழ்கடல் மணலை எடுப்பதால் கரைக்குக் கேடில்லை என்றனர் திட்டத்தார். மீனவர் அதை ஏற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அக்கடலை நம்பிய மக்களிடம் அனுமதி கேட்கப்பட்டதா, அறிவிப்பு மட்டும் கொடுக்கப்பட்டதா என்பதே என் கவலை.

பாதுகாப்பு என்ற சொல்லுக்குள்ளும் அநீதி ஒளிந்திருக்கக்கூடும். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்து போனபின், தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என்று அரசு விதித்தது. உயிர் காக்கும் எண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால் மீனவன் உள்ளே போக வேண்டும், உல்லாச விடுதி கரையிலேயே நிற்கலாம் என்று நடந்தபோது மக்கள் கொதித்தார்கள். பிறகு விதி தளர்த்தப்பட்டது. கடலைப் பார்க்காமல் எட்டாம் மாடியில் குடியேற்றப்படும் மீனவனுக்கு உயிர் இருக்கும், தொழில் இருக்குமா? வலையை எங்கே உலர்த்துவான்?

"அப்படியானால் கல்லும் போடக்கூடாது, ஆளையும் எழுப்பக்கூடாது என்கிறீரா?" என்று கேட்பீர்கள். இல்லை. வீடு சரியும் இடத்தில் கல் போடத்தான் வேண்டும். 1900 முதல் உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 20 சதமமீற்றர் உயர்ந்துவிட்டது, அது இன்னும் உயரும். நான் கேட்பது கணக்கு. கல் போடும் செலவோடு, அக்கல்லால் தேயப்போகும் அடுத்த கரைக்கு மணல் சேர்க்கும் செலவையும் ஒரே ஏட்டில் எழுத வேண்டும். 2020 இல் கல்கிசைக் கரையில் மணல் கொட்டினார்கள். அதில் பெரும்பகுதி விரைவிலேயே கடலோடு போய்விட்டதாகச் செய்திகள் வந்தன. மணல் இடுவது தவறான வைத்தியமன்று; ஆனால் உல்லாசப் பயணிகள் உலாவும் கரைக்கு முதலில் கிடைப்பது ஏன் என்று கேட்க எங்களுக்கு உரிமையுண்டு.

வெள்ளத்தின் கதையும் இதுவே. 2016 மேயிலும், டித்வா சூறாவளி வீசிய 2025 நவம்பரிலும் களனி கங்கை பெருகியபோது தாழ்நிலத்து ஏழைகளே கூரைமேல் ஏறினர். நீரைத் தாங்கி வைக்கும் சதுப்பு நிலத்தை ஒருவர் நிரப்பினால் அந்த நீர் இன்னொருவரின் அடுப்படிக்குப் போகும். முத்துராஜவெலச் சதுப்பு நிலத்தைக் காக்கக் கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை 2021 இல் நீதிமன்றம் சென்றதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

தன் அயலான் யார் என்று கேட்ட சட்ட வல்லுநருக்கு ஆண்டவர் வழியோரத்தில் கிடந்தவனைக் காட்டினார். எங்களுக்கு அவன் மணல் போகும் திசையில் இருக்கிறான்.

முகத்துவாரத்துக் குருவானவரைத் துரத்திய ஒல்லாந்தரிடமே ஒரு நல்ல வழக்கம் உண்டு. அவர்களது நாட்டில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து நீர்ச் சபைகள் இருக்கின்றன. மேட்டில் குடியிருப்பவனும் பள்ளத்தில் குடியிருப்பவனோடு சேர்ந்து அவற்றுக்கு வரி கட்டுகிறான். தன் வீட்டுக்கு வெள்ளம் வராது என்று சொல்லி எவனும் தப்ப முடியாது. கொழும்பில் அப்படியொரு வரி வந்தால் முதலில் முணுமுணுப்பவர்கள் மூன்றாம் மாடிக்கு மேலே வசிப்பவர்களாகத்தான் இருப்பார்கள். ஆயினும் மாதந்தோறும் மின்தூக்கிக்கும் காவலாளிக்கும் பராமரிப்புப் பணம் கட்டும் எங்கள் குடும்பங்களுக்கு, பமுனுகமவின் கரைக்காகச் சிறு தொகையொன்று தாங்கமுடியாத சுமையாகிவிடாது.