பானைக்கு ஓர் அளவு உண்டு

"நாம காய்ச்சலன்னா வேற எவனாவது காய்ச்சத்தான் போறான்." கீழக்கரைப் பக்கம் கருவேலங்காட்டுக்குள் சாராயம் காய்ச்சிப் பிழைத்த பெரியவர் ஒருத்தர் சொன்ன நியாயம் இது. "ஆனா மொத கிளாஸ நான் குடிச்சுப் பாத்துட்டுத்தான் அடுத்தவனுக்கு ஊத்துவேன்" என்றும் சொன்னார்.

வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறல் பொங்கி அடங்க நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு பானைக்கு இவ்வளவுதான் இறங்கும். அதிகம் வேண்டுமென்றால் இன்னொரு பானை, இன்னும் விறகு, இன்னும் மாமூல். பேராசைக்குப் பானையே அளவு வைத்திருந்தது.

அந்த அளவைத் தாண்ட நினைத்தவன் காய்ச்சுவதை விட்டான், கலக்க ஆரம்பித்தான். மெத்தனால் ஊறலில் விளைந்ததல்ல, தொழிற்சாலைச் சரக்கு. அதற்கு அடுப்பும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பை அழிக்கும், உயிரையும் எடுக்கும். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். அங்கே 60 பேருக்கு மேல் செத்தார்கள். கூலிக்காரர்கள், தலித்துகள் பலர். "குடிச்சுச் செத்தவனுக்குப் 10 லட்சமா?" என்று கேட்டது நாகரிகச் சமூகம்.

அந்தச் சமூகத்தின் அரசு என்ன செய்கிறது? மரம் தருவதற்கு மேல் இறக்க முடியாத கள்ளை 1987 முதல் தடுத்து வைத்திருக்கிறது. 2003-இல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்தது. 2023-24-இல் அதன் வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். ஏன் விற்கிறீர்கள் என்றால், கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்கிறார்கள். பெரியவர் சொன்ன அதே நியாயம்! கோட்டையிலிருந்து சொன்னால் கொள்கை, கருவேலங்காட்டிலிருந்து சொன்னால் குற்றம்.

இதைச் சொல்லி நம் ஆளைத் தப்பவிட முடியுமா தோழர்களே? விஷப் பாக்கெட்டை நம் தெருவுக்குள் கொண்டுவருகிறவன் நம் சொந்தக்காரனாகவே இருந்தால்? வறுமை அவன் ஏன் விற்க வந்தான் என்பதைச் சொல்லும். தான் தொடாததைப் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஊற்றியதை அது நியாயமாக்காது. "வேற எவனாவது செய்வான்" என்பது எல்லாச் சுரண்டலுக்கும் பொதுவான சாக்கு. நம்மைக் குப்பை அள்ளவும் மலக்குழியில் இறங்கவும் வைத்தவனும் இதைத்தான் சொன்னான்: நீ இறங்காட்டி இன்னொருத்தன் இறங்குவான்.

பெரியவரின் தொழிலை நான் ஞாயப்படுத்தவில்லை. அவர் காய்ச்சியதாலும் குடும்பங்கள் அழிந்திருக்கின்றன. ஆனால் அந்த முதல் கிளாஸ் ஒரு கேள்வி. விற்கிறவன் அதைக் குடிப்பானா? கேன் வைத்திருப்பவனிடமும் கேட்போம், கோட்டையில் இருப்பவர்களிடமும் கேட்போம். முதலில் நம் தெருவில் கேட்போம்.