விதி கொன்றதா? வீம்பு கொன்றதா?

ஒரு துன்பக் கதையின் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு அதனைக் கேட்க யார் காத்திருப்பர்? கதை சொல்லும் பாட்டியும் முடிவைக் கடைசிவரை மறைத்தே வைப்பாள். ஆனால், ஆங்கில நாடகப் பெரும்புலவர் ஷேக்ஸ்பியர் 1595-ஆம் ஆண்டளவில் இயற்றிய ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்தார். பகைமை பூண்ட இரு குடும்பங்களிற் பிறந்த காதலர் இருவர் மாண்டுபோவர் என்பதையும், அச்சாவினாலேயே பெற்றோர் பகை தீரும் என்பதையும் பதினான்கு அடிப் பாயிரத்திலேயே அறிவித்துவிடுகின்றார். அவ்வாறிருந்தும், நானூறு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் இந்நாடகத்தைக் கண்டு கண்ணீர் சிந்துகின்றனர். காரணம் யாது?

இக்கேள்வியோடு இன்னொரு கேள்வியும் பிணைந்து கிடக்கின்றது. பாயிரம் விண்மீன்களின் மேலும் பழி சுமத்துகின்றது. அதனைக் கேட்டு, ‘எல்லாம் தலைவிதி’ என்று பெருமூச்சு விட்டு நாமும் எழுந்து போய்விடலாமா? அவ்விளைஞர் இருவரையும் கொன்றது விதியா, மனிதரின் வீம்பா? காட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோமாயின், இரு கேள்விகளுக்கும் ஒரே விடை கிடைக்கும்.

காதற் கதை காண வந்த நமக்கு முதற் காட்சியின் தொடக்கத்தில் காதலர் இருவரும் தென்படுவதில்லை. இத்தாலி நாட்டு வெரோனா நகரத் தெருவில் காப்புலெட் வீட்டு வேலைக்காரர் இருவர் வீண் பேச்சுப் பேசி வருகின்றனர். மாண்டேகு வீட்டு ஆட்களைக் கண்டதும் ஒருவன் தன் கட்டைவிரலைக் கடித்துக் காட்டுகின்றான். அவ்வூரில் அது பெரும் அவமதிப்பு. அவ்வளவுதான்! வாள்கள் உருவப்படுகின்றன, ஊரே திரண்டு அடித்துக்கொள்கின்றது, முதுமை எய்திய குடும்பத் தலைவரும் வாள் கேட்டு ஓடி வருகின்றார். இப்பகை எதனால் தோன்றியது? நாடகம் முழுவதையும் துருவிப் பார்த்தாலும் காரணம் கிடையாது. பழைய பகை என்பது ஒன்றே காரணம். காரணத்தை ஆசிரியர் மறந்துவிட்டார் என்று எண்ணுதல் தவறு. பகைப்பவர்களுக்கே அது தெரியாது என்பதைத்தான் அவர் காட்டுகின்றார்.

அடுத்து விருந்துக் காட்சி. ஒரே மண்டபத்தில், ஒரே இசையின் நடுவே, ரோமியோவும் ஜூலியட்டும் முதன்முதலாகச் சந்திக்கின்றனர். ரோமியோவின் குரலை அறிந்துகொண்ட டிபால்ட் பல்லைக் கடிக்கின்றான். காதலும் கொலைவெறியும் ஒருங்கே பிறக்கின்றன. இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டுவது ஜூலியட்டின் தந்தை கூறும் சொற்களை. ரோமியோ நல்லொழுக்கமுள்ள இளைஞன், நகரமே அவனைப் புகழ்கின்றது என்று கூறி டிபால்ட்டை அவரே அடக்குகின்றார். பகைவன் மகன் நல்லவன் என்பது அவருக்குத் தெரிந்தே இருக்கின்றது! ஆனால் விருந்தின் மானத்தைக் காப்பதற்கு மட்டுமே அவ்வறிவு பயன்படுகின்றது. பகையைத் தீர்ப்பதற்குப் பயன்படவில்லை. ஒரு கணம் திறந்த கதவு மறுபடியும் மூடிக்கொள்கின்றது.

தோட்டக் காட்சியை அறியாதார் இலர். 1937-இல் வெளிவந்த ‘அம்பிகாபதி’ திரைப்படத்தின் காதற் காட்சிகளுக்கும் இந்நாடகமே தூண்டுதலாயிற்று. அக்காட்சியின் இனிமை வெறும் நிலவொளியில் இல்லை. மேலே நின்று ஜூலியட் தன் நெஞ்சோடு பேசுகின்றாள், கீழே ரோமியோ கேட்டு நிற்பதை அவள் அறியாள், நாம் அறிவோம். பாத்திரம் அறியாத ஒன்றை நாம் அறிந்திருப்பது இங்கே இன்பம் தருகின்றது. அதே அறிவு பின்னர் நம்மை வாட்டப் போகின்றது. ஆசிரியரின் நாடகத் திறம் அனைத்தும் இவ்வொரு முறையில் அடங்கியுள்ளது எனலாம்.

மூன்றாம் அங்கத்தின் முதற் காட்சியைப் பாருங்கள். மணம் முடிந்து சிறிது நேரமே கழிந்திருக்கின்றது. டிபால்ட் சண்டைக்கு அழைக்கின்றான், ரோமியோ மறுக்கின்றான். டிபால்ட் இப்போது தன் மனைவியின் உறவினன் என்பதே காரணம். இது நமக்குத் தெரியும். அருகில் நிற்கும் நண்பன் மெர்க்யூஷியோவுக்குத் தெரியாது. கோழைத்தனம் என்று கருதி அவன் வாளெடுக்கின்றான். விலக்கப் புகுந்த ரோமியோவின் கையின் கீழாகவே டிபால்ட்டின் வாள் பாய்கின்றது. அதுவரை நம்மைச் சிரிக்க வைத்தவன், இரு குடும்பங்களையும் சபித்துக்கொண்டே சாகின்றான். உடனே ரோமியோ டிபால்ட்டைக் கொன்றுவிட்டு ஊழை நொந்துகொள்கின்றான். ஆனால் வாளை ஓங்கியது ஊழன்று, அவன் கை! மறு காட்சியில் ஜூலியட் தன் கணவனின் வரவை எண்ணி இரவை ஆவலோடு அழைக்கின்றாள். அவள் மகிழ்ச்சி ஒவ்வொன்றும் நம் நெஞ்சில் முள்ளாகத் தைக்கின்றது.

ஆர்தர் புரூக் என்பவர் 1562-இல் எழுதிய கதைப்பாட்டில் பல மாதங்கள் நிகழும் இக்கதையை, ஷேக்ஸ்பியர் ஞாயிறு முதல் வியாழன் விடியல் வரையிற் சுருக்கினார். ஆதலின் எவருக்கும் சிந்திக்க நேரமில்லை. விடியலில் கணவனைப் பிரிந்த அதே அறையில், பதினான்கு வயதும் நிரம்பாத அப்பெண்ணுக்குப் பாரிஸ் பிரபுவோடு திருமணம் என்ற செய்தி வருகின்றது. மறுத்தால் தெருவிற் கிடந்து சாகட்டும் என்கின்றார் தந்தை. மணத்திற்குத் துணைநின்ற செவிலித்தாயே, பாரிஸை மணந்துகொள் என்கின்றாள். அவள் உண்மை அறிந்தவள். பாதிரியார் லாரன்ஸும் அறிந்தவர். இருவரும் பெற்றோரிடம் வாய் திறக்கவில்லை.

‘ஆனால் கடிதம் போய்ச் சேராதது விதியன்றோ?’ என்று நண்பர் சிலர் வினவலாம். உண்மைதான். ஜூலியட் உறங்குகின்றாளேயன்றி இறக்கவில்லை என்னும் செய்தியைக் கொண்டு சென்ற துறவி, கொள்ளைநோய் ஐயத்தால் ஒரு வீட்டினுள் அடைக்கப்பட்டார். அது தற்செயலே. எனினும், கடிதம் ஏன் வேண்டியிருந்தது? கணவன் ஊர்கடத்தப்பட்டதனால், நடந்த திருமணத்தை வெளியே சொல்ல முடியாததனால். நோய் ஒரு வீட்டின் கதவைத்தான் அடைத்தது. பகையோ ஓர் ஊரின் வாய்களையெல்லாம் அடைத்து வைத்திருந்தது.

இறுதியாகக் கல்லறைக் காட்சி. ஜூலியட்டின் இதழிலும் கன்னத்திலும் செம்மை இன்னும் வாடவில்லை என்று ரோமியோ வியக்கின்றான். ‘அவள் உயிரோடிருக்கின்றாள், பொறு!’ என்று கத்த வேண்டும்போல் நமக்குத் தோன்றுகின்றது. அவனோ நஞ்சை அருந்திவிடுகின்றான். சிறிது நேரத்தில் அவள் கண் விழிக்கின்றாள். அவனது குத்துவாளால் தானும் மடிகின்றாள். மகன் நாடு கடத்தப்பட்ட துயரால் மாண்ட ரோமியோவின் தாயையும் சேர்த்து இந்நாடகத்தில் இறந்தோர் அறுவர். தந்தையர் கைகோத்துப் பொற்சிலை எழுப்புவதாக உறுதி கூறுகின்றனர். பகையைக் கண்டும் காணாதிருந்த குற்றத்தைக் கோமகனும் ஒப்புக்கொள்கின்றான். விருந்து நாளன்றே நீட்டியிருக்கலாகாதா அந்தக் கையை?

நாம் அழுவதன் காரணம் இப்போது விளங்கும். ஒவ்வொரு காட்சியும் தப்பிக்கும் வழியொன்றை நமக்குக் காட்டுகின்றது. அவ்வழியை மனிதர் தம் கையாலேயே அடைப்பதையும் காட்டுகின்றது. விதியே கொன்றதெனின் நமக்கு இரக்கம் மட்டுமே தோன்றும். இங்கோ இரக்கத்தோடு வெட்கமும் தோன்றுகின்றது. நாடகத்தில் நாம் எல்லாம் அறிந்தும் பேச முடியாதவர்கள். நாடகம் முடிந்து வீடு திரும்பியபின் நமக்கு அத்தடை இல்லை. நம் வீட்டில், நம் தெருவில், காரணம் மறந்துபோன பகையொன்று கிடந்து, அதனை நாம் அறிந்தும் வாய் மூடியிருந்தால், நாளை எந்த விண்மீன்மீது பழி போடுவது?