கோடைப் பந்தலில் நாதோபாசனை

சங்கீதத்தைக் கேட்டு இன்புறுவது பக்தியா, அல்லது பக்தியின் பெயரால் செவிக்கு நாம் இடுகிற விருந்தா என்னும் வினா, இசையைத் தெய்வ சந்நிதிக்குள் அனுமதித்த சமயங்களில் எல்லாம் எழுந்திருக்கிறது. தியாகராஜ சுவாமிகளையே எடுத்துக்கொண்டால், தன்யாசி ராகக் கீர்த்தனை ஒன்றில் பக்தி கலவாத சங்கீத ஞானத்தை ஏற்க மறுத்த அவரே, ஆந்தோளிகா ராகக் கீர்த்தனை ஒன்றில் ராகத்தைப் பருகும் இன்பத்துக்குள் யோகத்தின் பயனும் போகத்தின் பயனும் ஒருங்கே அடங்கியிருப்பதாகத் தம் மனத்துக்கு உபதேசிக்கிறார். இவ்விரு வாக்குகளும் முரண்பட்டவை அல்ல என்பதே என் துணிபு. அதை உணர்ந்துகொள்ளத் தத்துவ நூல்களை மட்டும் புரட்டினால் போதாது. ராமநவமி வரும் கோடைக் காலத்தில், கும்பகோணத்தைப் போன்ற ஒரு சிறிய நகரத்தின் உற்சவப் பந்தலில், நாலு பேரோடு நாமும் ஒருவராக ஜமக்காளத்தில் உட்கார்ந்து கேட்கவும் வேண்டும்.

காவிரியில் மணல் மட்டுமே மின்னுகிற பருவம் அது. நவமிக்கு முந்திய நாட்களைக் கர்ப்போற்சவம் என்றும், நவமி தொடங்கி நடப்பதை ஜனனோற்சவம் என்றும் சொல்லிக் கொண்டாடுகிற அந்நாட்களில், வெல்லமும் சுக்கும் ஏலமும் கரைத்த பானகத்தையும், பெருங்காயம் மணக்கும் நீர்மோரையும், பனையோலை விசிறியையும் வருவோர்க்கெல்லாம் வழங்குவது நம் முன்னோர் வகுத்த முறை. ராமனுக்கு நிவேதனமானது வெயிலில் நடந்து வந்தவனின் தாகத்தைத் தீர்க்கிறது. பகல் முழுதும் தகித்த உடல் சற்றுக் குளிர்ந்த பிறகு, அந்தி வேளையில் சங்கீதம் தொடங்குகிறது. கும்பகோணத்து ராமஸ்வாமி கோயிலோ, தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில், சங்கீத சாஸ்திரத்திலும் வல்லவராகிய அமைச்சர் கோவிந்த தீக்ஷிதரின் ஈடுபாட்டோடு எழுந்தது. ராமாயணம் முழுவதும் சித்திரமாகத் தீட்டப்பெற்ற பிராகாரச் சுவர்களைக் கடந்து உள்ளே சென்றால், ஒரே ஆசனத்தில் ராமனும் சீதையும் பட்டாபிஷேகக் கோலத்தில் வீற்றிருக்க, பரதன் குடை பிடிக்க, சத்ருக்நன் சாமரம் வீச, ஆஞ்சநேயர் ஒரு கையில் வீணையும் மறு கையில் ராமாயணச் சுவடியுமாகக் காட்சி தருகிறார். தொண்டருள் தலைசிறந்தவரின் கையில் வீணையைக் கொடுத்த சிற்பி, தொண்டும் நாதமும் ஒருவரிடத்திலேயே குடியிருக்கக் கூடும் என்பதில் ஐயமற்றவனாக இருந்திருக்க வேண்டும்.

ஆயினும் ஐயமுற்ற மகான்களை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. கிறிஸ்தவ ஞானி அகஸ்டின், தம் 'ஒப்புதல்கள்' என்ற நூலின் பத்தாம் பகுதியில், ஆலயத்தில் பாடப்படும் பாட்டின் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை அதிகமாக உருக்கிவிடும் வேளைகளைப் பாபம் என்றே கருதி வருந்துகிறார். அதே சமயத்தில், தாம் கிறிஸ்தவ நெறிக்குத் திரும்பிய புதிதில் திருச்சபையின் கீதங்களைக் கேட்டுச் சொரிந்த கண்ணீரையும் நினைத்துக்கொண்டு, இசையை ஆலயத்திலிருந்து விலக்கிவிடவும் மனமின்றித் தவிக்கிறார். அவ்வளவு நேர்மையான தவிப்பை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை. இன்பம் தன்னளவில் தீதன்று; இன்பத்தைத் தருகிற பொருளை மறந்து, 'நான் இன்புறுகிறேன்' என்ற நினைவிலேயே மனம் திளைத்துக் கிடப்பதுதான் அவர் அஞ்சியது என்று நான் கொள்கிறேன். அப்படியானால், அந்த 'நான்' தளர்ந்து விலகுகிற இன்பம் ஒன்று உண்டா என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம்.

உண்டு என்பதற்குப் பந்தலே சாட்சி. தென்னங்கீற்றின் இடுக்குகளில் மிச்ச வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்கையில், தம்பூராவின் சுருதி சேர்ந்து, பாடகர் கரஹரப்பிரியாவை மெல்ல விரித்து, மேல் ஷட்ஜத்தைத் தொட்டு அங்கேயே நின்றுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை இடைவிடாமல் அசைந்துகொண்டிருந்த விசிறிகள், யாரும் சொல்லாமலே, ஒவ்வொன்றாக நின்றுவிடுகின்றன. மடியில் உறங்கும் குழந்தைக்கு வீசிக்கொண்டிருந்த தாயின் கை பாதியில் தங்குகிறது. குரல் கீழிறங்கி வயலின் அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான், வெக்கை இன்னும் தணியவில்லை என்பது சபைக்கு நினைவு வந்தாற்போல விசிறிகள் மீண்டும் அசையத் தொடங்குகின்றன. தனி ஆவர்த்தனத்தின்போதோ இன்னொன்றைக் காணலாம். தாளக் கணக்கு அறியாத ஒருவர், பக்கத்தில் இருப்பவரின் தொடையில் விழும் கையைக் கடைக்கண்ணால் பார்த்துப் பார்த்துத் தாமும் தட்டிப் பழகுகிறார். மிருதங்கமும் கடமும் சேர்ந்து வாசித்து வந்த கோர்வை முடிந்து பல்லவியின் எடுப்புக்கு வந்து விழும் இடத்தில், அவர் கையும் வித்துவானின் கையும் அறிந்தவர் கையும் ஒருங்கே விழுகின்றன. முன்பின் அறியாதவர் பேசிக்கொள்ளாமலே ஒன்றுபட்ட அந்தக் கணத்தில், இந்த இன்பம் என்னுடையது என்று உரிமை கொண்டாட எவர்க்கும் தோன்றுவதில்லை.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காச்மீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர் இதற்குத் தத்துவ விளக்கமே தந்திருக்கிறார். நாட்டிய சாஸ்திரத்துக்கு அவர் வரைந்த உரையில், காவியத்திலும் நாடகத்திலும் நாம் உணர்கிற துயரமோ காதலோ இன்னார்க்கு உரியது என்ற எல்லை கழன்று பொதுமை எய்தும்போதுதான் ரஸம் பிறக்கிறது என்று நிறுவுகிறார். தந்திராலோகம் என்ற தம் நூலில் அவர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார்: தனித்தனி உடல்களில் குறுகிக் கிடக்கும் சைதன்யம், பலர் கூடி ஆடல் பாடலில் ஒன்றும் இடத்தில், ஒருவர்க்கொருவர் கண்ணாடியாகி ஒளியைப் பிரதிபலித்து, தன் இயல்பான விரிவை அடைகிறது என்றும், அக்கூட்டத்தில் மனம் ஒன்றாதவன் ஒருவன் இருந்தாலும் அந்த விரிவு தடைப்படும் என்றும் கூறுகிறார். சபையில் கேட்கும் பாட்டு தனிமையில் கேட்கும் பாட்டினும் நம்மை ஆழமாகப் பற்றுவதன் காரணம் இதுவே. சொத்தும் உணவும் பங்கிடப் பங்கிடக் குறையும். நாதத்தின் ஆனந்தமோ பகிர்ந்துகொள்வோர் பெருகப் பெருகத் தானும் பெருகுவது. பெரிய கிருதிகளை இயற்றிய தியாகராஜர், பலர் கூடிப் பாடுவதற்கேற்ற எளிய திவ்யநாம கீர்த்தனங்களையும் உற்சவ சம்பிரதாய கீர்த்தனங்களையும் இயற்றியதன் கருத்தும் இதுவென்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இங்கே ஒரு தடை எழும். கூட்டமாகச் சேர்ந்து மெய்ம்மறப்பது எல்லாம் ஆன்மிகம் ஆகிவிடுமா? கூட்டத்தின் வெறியும் கூட்டத்தின் பகையும்கூட மனிதனைத் தன்னை மறக்கச் செய்பவையே அல்லவா? நியாயமான கேள்வி. இசை உள்ளத்தில் இல்லாத ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்து வைப்பதில்லை, இருப்பதையே கிளறி எழுப்புகிறது என்று இஸ்லாமிய ஞானி இமாம் கஸ்ஸாலி கூறியதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஆனந்தத்தின் உயர்வை அதன் வேகத்தைக் கொண்டு அளக்கலாகாது. அது எவரை அணைத்துக்கொள்கிறது, எவரை வெளியே நிறுத்துகிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

இந்தப் பரிசோதனைக்குக் கும்பகோணத்தின் சுற்றுப்புறமே உரைகல்லாக அமைந்திருப்பதை நினைத்து நான் வியப்பதுண்டு. கோவிந்தபுரத்தில் சமாதி கொண்ட போதேந்திரர், நாம சங்கீர்த்தனத்துக்குக் காலம், இடம், தகுதி என்ற நியமம் ஏதும் இல்லை என்று சித்தாந்தம் செய்தவர். அவர் காலத்தவராகிய திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள், சிராத்தத்துக்குச் சமைத்த அன்னத்தைப் பசித்து வந்த ஓர் ஏழைக்கு, அவன் சாதியைப் பாராமல் இட்டார் என்றும், அதற்காக ஊரார் விலக்கி வைத்துக் கங்கையில் நீராடி வருமாறு விதிக்க, அவர் வீட்டுக் கிணற்றிலேயே கங்கை பொங்கி எழுந்தாள் என்றும் ஐதிகம் கூறுகிறது. கார்த்திகை அமாவாசை தோறும் இன்றும் மக்கள் அந்தக் கிணற்றில் நீராடுகிறார்கள். இத்தகைய மகான்கள் உலவிய மண்ணிலும், சங்கீதம் ஒலித்த கோயில்களுக்குள் நம் உடன்பிறந்தாரில் ஒரு பகுதியினர் சாதியின் பெயரால் காலடி வைக்க இயலாத காலம் நெடிது நீடித்தது. 1939 ஜூலை 8-ஆம் நாள், ஆலயப் பிரவேசத்துக்காக உழைத்த வைத்தியநாதய்யர், அப்படி விலக்கப்பட்டவர்களில் சிலரை மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்றபோதுதான் அந்தப் பழம்பழியைத் துடைக்கும் முயற்சி தமிழ்நாட்டில் வலுப்பெற்றது. சுவாமி புறப்பாட்டுக்கு மங்கள ஓசை தருகிற நாகஸ்வர வித்துவானும் மேடையில் சமமாக அமர்ந்து வாசிக்கும் மரியாதையைப் போராடியே பெற வேண்டியிருந்தது. அந்த மரியாதைக்காக ஓயாது வாதாடியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. ராமன் தோழன் என்று அழைத்த குகனின் கதையை ராமநவமியில் உருகிப் பாடிவிட்டு, குகனைப் போன்றவனைப் பந்தலுக்கு வெளியே நிறுத்தினால், அந்த உருக்கம் செவியளவில் நின்றுவிட்டது என்றுதான் பொருள்.

ஆகையால் கோடைப் பந்தலில் கிட்டும் இன்பத்துக்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. அகஸ்டினின் அச்சத்துக்கும் தியாகராஜரின் எச்சரிக்கைக்கும் உரிய பதில், இன்பத்தைக் குறைத்துக்கொள்வது அன்று. அதன் எல்லையை விரிப்பதுதான். நுழைவுச் சீட்டு இல்லாத கச்சேரியில், தன் பக்கத்தில் இருப்பவர் யாரென்று கேளாமல் அவர்க்கு இடம்விட்டு நகர்ந்து அமர்கிறவன், அந்த அளவுக்குத் தன் அகங்காரத்தையும் நகர்த்திவிட்டே அமர்கிறான். அதன்பின் அவன் நுகர்கிற ராகம் போகமாகவும் இருக்கும், யோகமாகவும் இருக்கும். உற்சவங்களை நடத்தும் பெரியோர்களிடம் நான் வேண்டிக்கொள்வதெல்லாம் இவ்வளவே: பெயர்பெற்ற வித்துவானை அழைக்க எவ்வளவு சிரத்தை கொள்கிறீர்களோ, அவ்வளவு சிரத்தையோடு, இதுவரை உங்கள் அழைப்பிதழ் எட்டாத தெருக்களுக்கு நீங்களே நடந்து சென்று, அங்குள்ளவர்களைப் பெயர் சொல்லி அழையுங்கள், அவர்கள் வந்து முன்வரிசையில் அமர்ந்த பிறகு கச்சேரியைத் தொடங்குங்கள். ராமனின் பெயரால் நடக்கும் விழாவுக்கு அதனினும் பொருத்தமான மங்களாரம்பம் இல்லை.