பெயர் தெரியாமலே

கல்லூரி நாட்களில் ஒருவன் என்னைப் பல வாரங்கள் பின்தொடர்ந்தான். கடைசிவரை அவனுக்கு என் பெயர் தெரியாது. ஆனால் நான் எந்தப் பேருந்தில் ஏறுவேன், எங்கே இறங்குவேன், எந்தக் கிழமை தாமதமாக வருவேன் என்பதெல்லாம் தெரியும். நான் பயந்து சாக அதுவே போதுமானதாக இருந்தது. வீட்டில் சொன்னபோது, “வேற பஸ்ல போயேன்” என்றார்கள்.

லண்டன் சுரங்க ரயிலில் 2016 நவம்பர், டிசம்பரில் நடந்த ஒரு சோதனையைப் பற்றிப் படித்தபோது அவன் நினைவுக்கு வந்தான். 54 நிலையங்களில் நான்கு வாரங்கள், பயணிகளின் கைபேசிகள் வைஃபையைத் தேடி அனுப்பும் சமிக்ஞைகளைப் போக்குவரத்து நிர்வாகம் சேகரித்தது. மொத்தம் சுமார் 56 லட்சம் கருவிகள். ஒவ்வொன்றின் அடையாள எண்ணையும் வேறொரு குறியீடாக மாற்றிவிட்டோம், ஆளை அடையாளம் காண முடியாது என்றார்கள். விருப்பமில்லாதவர்கள் வைஃபையை அணைத்துவிடலாம் என்று நிலையங்களில் அறிவிப்பும் ஒட்டினார்கள். 2019 ஜூலையில் இந்தச் சேகரிப்பு முழுவீச்சில் தொடங்கியது.

இதன் பயனை நான் மறுக்கவில்லை. பயண அட்டை, நாம் நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் மட்டுமே சொல்லும். கிங்ஸ் கிராஸிலிருந்து வாட்டர்லூவுக்கு மக்கள் 18 வெவ்வேறு வழிகளில் போகிறார்கள் என்பதை இந்தச் சோதனைதான் காட்டியது. எங்கே நெரிசல் என்று முன்கூட்டியே தெரிவது, கூட்டத்தில் உரசல்களைச் சகித்து நிற்கும் பெண்ணுக்குச் சின்ன விஷயமல்ல.

ஆனால் எண்ணுவது வேறு, பின்தொடர்வது வேறு. வாசலில் நின்று எண்ணுபவருக்கு நான் ஒரு தலை, அவ்வளவுதான். அதே குறியீட்டை நாளையும் மறுநாளும் அடையாளம் காண முடிந்தால், அங்கே சேர்வது என் வாழ்க்கை. என் வீடு, வேலை, வாரம் ஒருமுறை நான் யாரிடமும் சொல்லாமல் போய்வரும் இடம். கணவனிடமிருந்து தப்பி ஒளிந்து வாழும் பெண்ணுக்குப் பெயரைவிட அந்தத் தடம்தான் ஆபத்து.

“விருப்பமில்லையென்றால் அணைத்துவிடு” என்பதும் நமக்குப் புதிதல்ல. வேறு பேருந்தில் போ என்பதன் இன்னொரு வடிவம் அது. பின்தொடர்பவர் நிற்க வேண்டியதில்லை, பின்தொடரப்படுபவள்தான் விலக வேண்டும். குழந்தையும் பையுமாக ஓடுகிறவள் அந்த அறிவிப்பை எப்போது நின்று படிப்பாள்?

எண்ணட்டும். ஆனால் அன்றன்றைய கணக்கு முடிந்ததும் குறியீட்டை அழித்துவிடட்டும். அதைச் செய்ய வேண்டியது சேகரிக்கிறவர்களின் பொறுப்பு. நெரிசலின் கணக்கு அப்படியே இருக்கும். நான் மட்டும் அதில் இருக்க மாட்டேன்.