தூய்மை என்பது காலி இடமா?

பாலக்காட்டுக் கல்பாத்தியில் 1924-ல், தேர்த் திருவிழாவின்போது, அக்ரகாரத் தெருவில் ஈழவச் சாதியார் நடந்ததற்காக அடிதடி நடந்தது. தடுத்தவர்கள் சொன்ன நியாயம் தீட்டு. பிறரை அகற்ற அகற்றத் தூய்மை கூடும் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருந்தது. அந்த நம்பிக்கை உடம்பைத்தான் உவமையாகக் காட்டும்: அந்நியம் புகாத உடல் தூயது, புகுந்தால் கெடும். உடம்பு அப்படிச் சாட்சி சொல்வதில்லை என்பதே என் வாதம்.

சிகாகோவில் மார்ஜரி போன்ஹாஃபும் பிலிப் மில்லரும் 1950-களில் தொடங்கிய சோதனைகளில், எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களைக் கலைத்தார்கள். பாதி எலிகளுக்குத் தொற்று உண்டாக்க முன்பு ஏறத்தாழ 1,00,000 சால்மோனெல்லா கிருமிகள் வேண்டியிருந்தன. மருந்துக்குப் பிறகு பத்துக்கும் குறைவே போதும் என்றாயிற்று. துடைத்துவிட்ட குடலே திறந்த கதவானது. இதில் சோறு ஒரு முக்கியக் காரணம். நமக்குச் செரிக்காத மாவுச்சத்தையும் குடற்சளியின் சர்க்கரைகளையும் அங்கே குடியிருப்பவை பங்கிட்டுத் தின்றுவிட்டால், வந்த கிருமிக்கு மிச்சமில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 100 வகைப் பாக்டீரியாக்கள் கிருமியைத் தடுக்கின்றனவா என்று சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள். தனித்தனியாக அவை சரியாகக் காக்கவில்லை. பல வகைகள் கூடிய கூட்டம் காத்தது. அந்தக் கூட்டத்தில் கிருமிக்கு நெருங்கிய உறவுள்ள வகையும் இருக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் இரண்டுக்கும் தீனி ஒன்று. சால்மோனெல்லாவும் சும்மா இருப்பதில்லை. குடலில் அழற்சியைக் கிளப்பி, அதில் உண்டாகும் டெட்ராதயோனேட் என்ற சேர்மத்தைக் கொண்டு சுவாசித்துப் பெருகுகிறது. வீட்டைக் கொளுத்திக் குளிர்காய்கிற வேலை. உண்ணப்படுவதும் உண்பதும் அன்னமே என்று தைத்திரீய உபநிடதம் சொல்வது, குடலைப் பொறுத்தவரை அப்பட்டமான உண்மை.

இருப்பவர்கள் வந்தவனைப் பட்டினி போடுகிறார்களே, இது விலக்குவோருக்குத்தானே சாதகம் என்று ஒருவர் கேட்கலாம். மூணாறிலும் பீர்மேட்டிலும் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறிக்கும் தமிழர்களைப் பார்த்து வரத்தர், அதாவது வந்தேறிகள், என்று சொல்கிற இடத்தில் இது கனமான கேள்வி. ஆனால் குடலில் பூர்வகுடி என்று எவரும் இல்லை. பிறக்கும்போது ஏறக்குறைய காலியாக இருந்த குழந்தையின் வயிற்றுக்குத் தாயிடமிருந்தும் பாலிலிருந்தும் சோற்றிலிருந்தும் வந்தவையே அத்தனையும். கிருமியைத் தடுப்பது ஊரின் பெயரல்ல, பந்தியின் நிறைவு. நுண்ணுயிரிலிருந்து மனிதருக்கு நீதி எடுக்கலாமா என்பது இன்னும் கூர்மையான மறுப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன். கல்பாத்தித் தெரு எல்லோருக்கும் உரியது என்பதற்குப் பாக்டீரியாவின் சான்று தேவையில்லை. உடம்பைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் தீட்டுக்காரர்கள். அந்தச் சாட்சி அவர்கள் பக்கம் பேசவில்லை என்று காட்டுவதோடு என் வேலை முடிகிறது. சுத்தமான குடிநீரையும் கழிப்பறையையும் இந்த வாதம் தொடாது. நிறைந்த குடலும் லட்சம் கிருமிகளுக்கு முன் தோற்கலாம். எஸ்டேட் லயத்துக் குழாயில் நல்ல தண்ணீர் வர வேண்டும்.