அன்பன் தந்த குச்சி

கொடுப்பது நன்று என்கிறோம். கொடுத்த கையாலேயே கேடும் சென்றால்? கொடுத்தவன் என்று போற்றுவதா, கெடுத்தவன் என்று தூற்றுவதா?

உகாண்டா நாட்டு உழவர் முன் இக்கேள்வி எழுந்தது. ஏட்டிலே அல்ல, வயலிலே! ஆங்கே ஏழையின் அன்னம் மரவள்ளி. சேலத்தார் அறிவர், அது விதையிட்டு விளைவிப்பதன்று. தண்டைத் துண்டாக்கி நடுவது. அண்டை வீட்டான் கேட்டால் ஒரு கட்டுக் குச்சி கொடுப்பது உறவு.

1980-களின் இறுதியிலே தேமல் நோய் அங்கே கொள்ளைநோயாய் மூண்டது. இலை சுருண்டது, மஞ்சள் படர்ந்தது, கிழங்கு சிறுத்தது. ஊர் ஊராக மரவள்ளியையே கைவிட்டனர். பட்டினி வந்தது. ஊழ்வினை என்று உரைத்திடுவோர் எங்குதான் இல்லை! ஆய்வாளர் கண்டதோ வேறு. இரு வைரஸ்கள் ஒரே செடியிலே கூடிக் கலந்து, கொடியதொரு புது வைரஸ் பிறந்திருந்தது. 1997-இல் இது வெளியாயிற்று. செடிக்குச் செடி அதைச் சுமந்தது வெள்ளை ஈ. ஊருக்கு ஊர் சுமந்தது? அன்பன் தந்த குச்சி!

இன்றைய டான்சானியாவிலுள்ள அமானி ஆய்வு நிலையத்திலே, 1930-களில், ஸ்டோரி என்பார் மரவள்ளியை அதன் உறவான சியாரா ரப்பர் மரத்தோடு கலந்து, நோய் தாங்கும் செடியைத் தேடினார். அவ்வழி வந்த வகைகள், நைஜீரியாவின் இபாடான் நகர் ஆய்வகத்திலே மேலும் வளம்பெற்று, 1990-களில் உகாண்டாவுக்குக் கைகொடுத்தன. ஆயின் 2004-இல், தேமலைத் தாங்கிய செடிகளிலேயே பழுப்புக் கீற்று நோய் தென்பட்டது. இதுவும் வைரஸ்தான், வஞ்சகம் மிகுந்தது. மேலே இலை பசுமை காட்டும். தோண்டினால் கிழங்கு அழுகிக் கிடக்கும். கண்ணே பொய்யுரைக்கும்போது நல்லெண்ணம் மட்டும் என்ன செய்யும்?

அறியாது கொடுத்தவன் குற்றவாளி அல்லன். அறிந்த பின்னரும் சோதியாது கொடுப்பவனை அவ்வாறு விட்டுவிட நம்மால் இயலாது. "நோயுற்றதைப் பிடுங்கி அழித்திடு" என்கிறது அறிவியல். மெய்தான். ஆனால் பசித்த பிள்ளைகளின் தாய், சுருண்ட இலையின் கீழும் ஒரு சிறு கிழங்கு உண்டே என்று தயங்கி நிற்கிறாள். அவளை மடமை என்று இகழ நாம் துணியோம்.

வகுப்பிலே இதைச் சொன்னபோது மாணவன் ஒருவன் எழுந்தான். "அய்யா, பிடுங்கச் சொல்பவர் வேறு குச்சி கொண்டு வருவாரா?"

கொண்டு வரவேண்டும் என்றோம். பிடுங்கும் நாளிலேயே, சோதித்துத் தெளிந்த குச்சியாக, விலையின்றி, அடுத்த கிழங்கு விளையும்வரை உணவும் சேர்த்து.