கத்திரி வெயிலும் ஆறு அம்மாக்களும்

ஓம் சரவணபவ.

கத்திரி தொடங்கியாச்சு. எந்த குரூப்பைத் திறந்தாலும் வெயில் புலம்பல்தான். ஆனா இந்த வெயிலுக்கும் நம்ம முருகனுக்கும் ஒரு சொந்தம் இருக்கு, தெரியுமா?

சூரியன் பரணி மூன்றாம் பாதத்தில் நுழைந்து, கார்த்திகை நட்சத்திரம் முழுவதையும் கடந்து, ரோகிணி முதல் பாதத்தை முடிக்கும் வரை உள்ள நாட்கள்தான் அக்னி நட்சத்திரம். கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி, அதனால்தான் அந்தப் பேர். அந்தக் கார்த்திகை யாரு? சரவணப் பொய்கையில் தாமரை மேல் கிடந்த ஆறு குழந்தைகளுக்கும் பால் கொடுத்து வளர்த்தாங்களே, அந்த ஆறு அம்மாக்கள். ஆக, நாம வெந்து போற இந்த நாட்கள்ல சூரியன் தங்கியிருக்கிறது முருகனோட வளர்ப்பு அம்மாக்கள் வீட்டுல.

இந்த நாட்கள்ல ராத்திரி எவ்வளவு தேடினாலும் வானத்துல கார்த்திகைக் கூட்டம் கண்ணுல படாது. சூரியனோடவே உதிச்சு சூரியனோடவே மறைஞ்சிடும். திருக்கார்த்திகை அன்னைக்குப் பாருங்க, முழு நிலாவுக்குப் பக்கத்துல ராத்திரி பூரா நிக்கும்.

அம்பாள் வந்து ஆறு குழந்தைகளையும் சேர்த்து அணைச்சாள், ஆறும் ஒன்றாகி கந்தன் ஆனான். இந்தக் கதையை நாம எப்பவும் அம்பாள் பக்கம் நின்னுதான் கேட்டிருக்கோம். ஒரு தடவை அந்த ஆறு பேர் பக்கம் நின்னு பாருங்க. ஆளுக்கு ஒரு பிள்ளை மடியில இருந்துச்சு. திடீர்னு மடி காலி. பெத்தவ வந்துட்டா, பிள்ளை கிளம்பிட்டான். ஈசன் அவங்களைச் சும்மா அனுப்பல. கார்த்திகை நாளில் விரதம் இருந்து என் பிள்ளையை வணங்கறவங்களுக்கு எல்லாம் கிடைக்கும்னு வரம் கொடுத்தார். பிள்ளைக்கும் கார்த்திகேயன்னு அவங்க பேரே நிலைச்சுது. ஆனா அந்த ஆறு பேரும் அதுக்கப்புறம் எதை நெனைச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க? தாமரைக் குளத்துல பிள்ளை தவழ்ந்த அந்தக் கொஞ்ச நாளைத்தானே.

பழனியும் அப்படித்தான். மாம்பழத்துக்குக் கோவிச்சுக்கிட்டு பிள்ளை மலையேறிட்டான். அம்மாவும் அப்பாவும் பின்னாடியே வந்து "பழம் நீதானே"ன்னு கெஞ்சினாங்க. அவன் இறங்கி வரல. நாம ஆண்டி கோலத்தைப் பார்த்து வைராக்கியம், ஞானம்னு பேசறோம். எனக்கென்னவோ, மலையடிவாரத்துல நின்ன அந்த ரெண்டு பேரைப் பத்தியும் கொஞ்சம் பேசலாம்னு தோணுது.

எங்க அப்பா பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டினவர். தறி நின்னா கூலி இல்ல. அதனால வருஷத்துக்கு ஒரே ஒரு பயணம்தான், மே மாசம் பழனி. உடுமலைப்பேட்டையில பஸ் மாறணும். ஜன்னல் சீட்டுக்கு எனக்கும் தங்கச்சிக்கும் சண்டை. அந்தப் பயணத்தை அவர் இன்னைக்கும் போன்ல சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே சொல்லுவார். "உனக்கு நூறு வரைக்கும்தான் எண்ணத் தெரியும் சாமி. மலையேறும்போது படியை எண்ணிக்கிட்டே வந்தே. நூறு முடிஞ்சா மறுபடி ஒண்ணு. ஆறு நூறு ஆச்சு, அப்பவும் படி மிச்சம். 'மீதி முருகன் எண்ணிக்குவார்ப்பா'ன்னு என் தோள்ல ஏறி உக்காந்துக்கிட்டே."

ஏறத்தாழ 690 படி, கணக்கு சரியாத்தான் வருது. எனக்கு இதுல ஒண்ணுகூட ஞாபகம் இல்ல. எனக்கு ஞாபகம் இருக்கிறது பஞ்சாமிர்த டப்பா மூடியை நக்கினதும், தங்கச்சி மொட்டைத் தலையில சந்தனம் காய்ஞ்சு வெடிச்சதும்தான். அவர் சொல்ற கதையில வெயிலே வராது. மே மாசம், மதியம், கையில பை, தோள்ல பிள்ளை. வெயில் எங்கே போச்சுன்னு தெரியல. (அம்மாவோட கதையில வெயில் நிறைய வரும், அது வேற!)

தமிழில் பிள்ளைத்தமிழ்னு ஒரு இலக்கிய வகை இருக்கு. சாமியைக் குழந்தையா வெச்சு, பாடறவர் தாயா மாறிப் பாடறது. பகழிக்கூத்தர் திருச்செந்தூர் முருகனுக்குப் பாடினார், குமரகுருபரர் வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசுவாமிக்குப் பாடினார். காப்புல ஆரம்பிச்சு பத்துப் பருவம். ஆண்பால்னா சிறுதேர் உருட்டறதோட முடிஞ்சிடும். அதுக்கு மேல பிள்ளை வளர்றதைப் பாட அதுல இடமே கிடையாது. சூரசம்ஹாரம் பண்ணினவன், பிரணவத்துக்குப் பொருள் சொன்னவன், அவனையே தேர் உருட்டற வயசுல பிடிச்சு நிறுத்தி வெச்சுக் கொஞ்சறாங்க. அவனும் நின்னு கேட்டுக்கறான். "எனக்கு வயசாயிடுச்சு, இதையே எத்தனை தடவை பாடுவீங்க"ன்னு அவன் கேட்டதா எந்தப் புராணத்துலயும் இல்ல.

கொங்கு நாட்டுல பெத்தவங்க பிள்ளைங்களை "சாமி"ன்னுதான் கூப்பிடுவாங்க. "சாப்டியா சாமி?" முருகன் சன்னதியில நின்னா அதே அம்மா "என் கண்ணு"ன்னு அவனைக் கொஞ்சுவா. கோயில்ல மட்டும்தான் பக்தி நடக்குதுன்னு நாம நெனைக்கறோம். அந்தப் போன் கால்ல நடக்கறதுக்குப் பேர் என்ன?

அதனால இந்தக் கத்திரியில விரதம் இருக்கறவங்க இதையும் சேர்த்துக்கோங்க. வாரத்துக்கு ஒரு நாள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ போன் போட்டு, "சின்ன வயசுல லீவுல என்ன பண்ணினேன்?"னு நீங்களே கேளுங்க. ஸ்பீக்கர்ல போட்டுட்டு லேப்டாப்பைப் பார்க்காதீங்க, கேளுங்க. உங்களைத் தூக்கினது பாட்டியோ சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ ஆனா அவங்களுக்கே போடுங்க, முருகனையும் ஆறு பேர்தானே தூக்கினாங்க. பெத்தவங்க இல்லாதவங்க, அந்த வருஷத்துல கூட இருந்த அண்ணன், அக்கா, மாமா யாராவது இருப்பாங்க, அவங்ககிட்ட கேளுங்க. வீட்டோட பேச்சுவார்த்தையே இல்லாதவங்களும் இதைப் படிப்பீங்க. உங்களை நான் கட்டாயப்படுத்தல. மலையேறினவன் இன்னும் இறங்கல, அவனையும் நாம கும்பிடத்தான் செய்யறோம்.

பழனியில் சித்திரை கடைசி 7 நாளும் வைகாசி முதல் 7 நாளும் அக்னி நட்சத்திர விழா. கிரிவலம்தான் விசேஷம், பெண்கள் கடம்பம்பூ வெச்சுக்கிட்டு சுத்துவாங்க. நாங்களும் போறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி, "விஞ்சுல போயிடலாம்ப்பா"ன்னேன். "அப்போ படி யாரு எண்றது?"ங்கறார். பேச்சுவார்த்தை இன்னும் முடியல.

பெரியவங்களைக் கூட்டிட்டு வர்றவங்க விடியற்காலையிலயோ சாயங்காலத்துலயோ சுத்துங்க. மதியம் தரை கொதிக்கும், வெறுங்காலோட வேண்டாம். தண்ணி பாட்டில் ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!